பின் கியர் ஜாக்கி வீல்: வடசென்னையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மூன்று கியர் சைக்கிள்களாவது தலைகீழாக நிற்கும். நான் கடை வைத்திருப்பவன் இல்லை. பல வருடமாக சைக்கிளில் வேலைக்குப் போய் வருவதால் என் வண்டியை நானே பார்க்கக் கற்றுக்கொண்டேன். அப்புறம் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களும் கொண்டுவர ஆரம்பித்தார்கள். பின் கியரில் தொங்கும் இரண்டு குட்டிச் சக்கரங்களைப் பற்றி மட்டும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

"ஜாக்கி வீல்னா எதுண்ணா? என் வண்டியில இருக்கா?"

பின் சக்கரத்தின் வலது பக்கத்தில், பல்சக்கர அடுக்குக்குக் கீழே ஒரு கை மாதிரித் தொங்குவது டீரெய்லர். பலரும் 'பின் கியர்' என்றே சொல்வார்கள். அதன் கீழ்ப்பகுதியில் இரண்டு தகடுகளுக்கு நடுவே, ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு சின்னப் பல்சக்கரங்கள் இருக்கும். செயின் அவற்றைச் சுற்றிப் பாம்பு மாதிரி நெளிந்து போகும். அந்த இரண்டும்தான் ஜாக்கி வீல். கடையில் 'புல்லி' என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். இனிமேல் மேல் சக்கரம், கீழ் சக்கரம் என்றே சொல்கிறேன். அவற்றைத் தாங்கும் இரண்டு தகடுகளுக்குக் கூண்டு என்று பெயர் வைத்துக்கொள்வோம். கியர் இல்லாத சாதா சைக்கிளில் இதெல்லாம் கிடையாது.

"ரெண்டும் ஒண்ணு போலத்தானே இருக்கு? ரெண்டுக்கும் ஒரே வேலைதானே?"

பார்க்க ஒன்று போல இருந்தாலும் வேலை வேறு. மேல் சக்கரம் வழிகாட்டி. கியர் மாற்றும்போது செயினை எந்தப் பல்சக்கரத்தின் நேராகக் கொண்டுபோய் நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்துவது அதுதான். கீழ் சக்கரம் தொய்வைப் பிடிப்பது. சின்னப் பல்லுக்குப் போனால் செயின் மிஞ்சித் தொங்கும். கூண்டு ஸ்பிரிங்கால் பின்னுக்கு இழுபட்டு, கீழ் சக்கரம் அந்த மிச்சத்தை இறுக்கி வைக்கும்.

இந்த வித்தியாசத்தால்தான் பல டீரெய்லர்களில் மேல் சக்கரம் தன் அச்சில் ஒரு மில்லிமீட்டர் போல இடம் வலமாக நகரும்படி செய்யப்பட்டிருக்கிறது. 1984இல் ஷிமானோ தன் டியூரா ஏஸ் வரிசையில் 'எஸ்.ஐ.எஸ்' என்ற பெயரில், ஒரு கிளிக்குக்கு ஒரு கியர் மாறும் முறையைக் கொண்டுவந்தது. கிளிக் செய்து நிற்கும் இடத்தில் ஒரு மயிரிழை பிசகினாலும் செயின் கரகரக்கும். அந்தப் பிசகைச் சக்கரமே நகர்ந்து சரிசெய்துகொள்ளட்டும் என்று செய்ததுதான் 'சென்டெரான்' என்று அந்த நிறுவனம் அழைக்கும் மேல் சக்கரம். எல்லா நிறுவனமும் இப்படிச் செய்வதில்லை. ஆனால் நம் தெருவில் ஓடும் கியர் வண்டிகளில் ஷிமானோதான் அதிகம் என்பதால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பல பதில்களில் இது திரும்ப வரும்.

"இத்துனூண்டு சக்கரம். இது போய்த் தேயுமா?"

சின்னது என்பதால்தான் சீக்கிரம் தேய்கிறது. ஒரு கணக்குப் பாருங்கள். முன்னால் 44 பல், ஜாக்கி வீலில் 11 பல் என்றால், நீங்கள் பெடலை ஒரு சுற்றுச் சுற்றும்போது அது நான்கு சுற்றுச் சுற்றும். பின்னால் 16 பல்லில், 26 அங்குலச் சக்கரத்தோடு 10 கிலோமீட்டர் போனால் அது ஏறக்குறைய 7000 சுற்று. திருவொற்றியூர்ப் பக்கமிருந்து பாரிமுனைக்குத் தினமும் வேலைக்குப் போய் வருபவருக்கு ஒரு மாதத்தில் எத்தனை சுற்று என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

அதோடு வண்டியிலேயே தரைக்கு மிக அருகில் ஓடும் பல்சக்கரங்கள் இவைதான். முன் சக்கரம் வாரியடிக்கும் மணல், தண்ணீர், சேறு எல்லாம் வந்து சேரும் இடமும் இதுதான். செயினில் எண்ணெயோடு ஒட்டிய மணல் சாணைக்கல் மாதிரி வேலை செய்து பல்லை அறுக்கும்.

"தேஞ்சிருக்கான்னு நானே எப்படிப் பாக்குறது?"

முதலில் துடையுங்கள். கறுப்பாகக் காய்ந்த கிரீஸ் பல்லை மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது. புதிய சக்கரத்தின் பல் நுனி மழுங்கலாக, தட்டையாக இருக்கும். தேய்ந்த பல் பனைமட்டைக் கருக்கு மாதிரி கூர்மையாகிவிடும். கூர்மை கண்ணுக்குத் தெரிந்தால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது.

அடுத்தது அச்சு. செயினைச் சக்கரத்திலிருந்து விலக்கிப் பிடித்து, விரலால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். கரகரத்தாலோ பாதியில் நின்றாலோ உள்ளே அழுக்கு அல்லது துரு. கடைசியாக, சக்கரத்தை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். அந்தத் திசையில் நன்றாக ஆடினால் உள்ளே புஷ்ஷோ பேரிங்கோ போய்விட்டது. இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். மணலே இல்லாத சாலையில் ஓட்டுபவருக்கும் துறைமுகச் சாலையில் ஓட்டுபவருக்கும் ஒரே கணக்கு வராது.

"மேல் சக்கரம் சைடுல லொடலொடன்னு ஆடுது. அப்ப போச்சா?"

இல்லை. இரண்டாவது பதிலில் சொன்ன இடம் வல ஆட்டம்தான் அது. வேண்டுமென்றே வைத்தது. நல்ல சக்கரத்தை இதனால் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்பதில்லை. மேலும் கீழும் ஆடினால் மட்டும் சந்தேகப்படுங்கள். கீழ் சக்கரத்தில் பக்கவாட்டு ஆட்டம் மிகக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். அது லொடலொடத்தால் தேய்மானம்.

"கரகரன்னு சத்தம் வருது தம்பி. இதை மாத்தினா போயிடுமா?"

போகலாம், போகாமலும் இருக்கலாம். காசு செலவழிக்கும் முன் சுத்தம் செய்து எண்ணெய் விட்டுப் பாருங்கள். என்னிடம் வரும் சத்தங்களில் பாதிக்கு மேல் அத்தோடு நின்றுவிடும். 'கீச் கீச்' என்று குருவி கத்துவது மாதிரி, பெடல் சுற்றும் வேகத்துக்கு ஏற்பக் கேட்டால் ஜாக்கி வீலின் அச்சு காய்ந்திருக்கிறது. ஒரே ஒரு கியரில் மட்டும் கரகரத்தால் அது கேபிள் சரியில்லாத கோளாறு, சக்கரத்தின் தவறு இல்லை.

அடுத்து செயினை அளந்து பாருங்கள். செயினின் ஒரு கண்ணி 12.7 மில்லிமீட்டர். 24 கண்ணி சேர்ந்தால் 304.8, அதாவது சரியாக ஓர் அடி. ஒரு இரும்பு ஸ்கேலை வைத்து ஆணியின் நடுவிலிருந்து ஆணியின் நடு வரை அளங்கள். ஓர் அடிக்கு மேல் ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டிருந்தால் செயின் அரை சதவீதம் தேய்ந்திருக்கிறது. 11, 12 ஸ்பீடு வண்டிக்கு (ஸ்பீடு என்று நான் சொல்வது பின்னால் இருக்கும் பல்சக்கரங்களின் எண்ணிக்கையை) அதுவே மாற்றும் நேரம். அதற்குக் குறைந்த ஸ்பீடு என்றால் முக்கால் சதவீதம் வரை, அதாவது 2.3 மில்லிமீட்டர் வரை விடலாம். தேய்ந்த செயினில் புது ஜாக்கி வீலைப் போட்டால் புதுசையும் சேர்த்து அது தின்றுவிடும்.

"சரி, மாத்தித்தான் ஆகணும். கடையில என்னன்னு சொல்லி வாங்குறது?"

பழைய இரண்டையும் கழற்றி, துடைத்து, எது மேலே எது கீழே என்று எழுதி ஒட்டி, கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ரத்தன் பஜாரில் வரிசையாகச் சைக்கிள் கடைகள் இருக்கின்றன. "கியர் சைக்கிளுக்கு புல்லி" என்று வாயால் மட்டும் கேட்டால் கையில் கிடைப்பதைத் தருவார்கள். பழசைக் கல்லாவில் வைத்தால் கடைக்காரரே பக்கத்தில் வைத்துப் பார்த்து எடுப்பார்.

பார்க்க வேண்டியவை நான்கு. பல் எத்தனை. வண்டி எத்தனை ஸ்பீடு. போல்ட் நுழையும் துளையின் அளவு, பெரும்பாலும் 5 மில்லிமீட்டர். அப்புறம், எல்லோரும் மறந்துவிடுவது, நடுவில் இருக்கும் புஷ்ஷின் நீளம், இருபக்க மூடிகளையும் சேர்த்து. அந்த நீளம் கூண்டுத் தகடுகளின் இடைவெளிக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

டீரெய்லரின் பின்பக்கத்தில் சக்கரக் கம்பிகளைப் பார்த்த பக்கமாக மாடல் எண் பொறித்திருக்கும். ஷிமானோவில் 'ஆர்.டி.' என்று தொடங்கும். இணையத்தில் வாங்குவதாக இருந்தால் அந்த எண்ணை வைத்துத் தேடுங்கள். மேல், கீழ் இரண்டும் ஒரே பொட்டலத்தில் ஜோடியாக வருவதை வாங்குங்கள்.

"என்னுது 11 பல்லு. கடையில 10ம் 13ம்தான் இருக்கு. போட்டா ஓடாதா?"

ஓடலாம், ஆனால் என்ன மாறும் என்று தெரிந்துகொண்டு போடுங்கள். 10 பல் சக்கரத்தின் விட்டம் சுமார் 41 மில்லிமீட்டர், 11க்கு 45, 12க்கு 49, 13க்கு 53. ஒரு பல் கூடினால் விட்டம் 4 மில்லிமீட்டர் கூடும். அதாவது சக்கரத்தின் விளிம்பு ஒவ்வொரு பக்கமும் 2 மில்லிமீட்டர் வெளியே வரும்.

மேல் சக்கரத்தில் இது பெரிய விஷயம். அதற்கும் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவே பல மாடல்களில் 5, 6 மில்லிமீட்டர்தான் இடைவெளி வைப்பார்கள். 11க்குப் பதில் 13 போட்டால் அதில் 4 மில்லிமீட்டர் காலி. பெரிய பல்லில் சக்கரம் மோதி உரசும். டீரெய்லரின் பின்புறம் இருக்கும் 'பி' ஸ்க்ரூவைத் திருகி இடைவெளியைக் கூட்டலாம், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. 10 போட்டால் இடைவெளி கூடி, கியர் மாறுவது மந்தமாகும். மேல் சக்கரத்தில் பல் எண்ணிக்கையை மாற்றவே வேண்டாம் என்பதுதான் என் பதில். கீழ் சக்கரத்தில் ஒரு பல் கூடினாலோ குறைந்தாலோ, கூண்டுத் தகட்டில் இடிக்காமல் சுற்றுகிறது என்றால் பெரிய கெடுதல் இல்லை.

"7 ஸ்பீடு வண்டிக்கும் 11 ஸ்பீடு வண்டிக்கும் ஒரே சக்கரம் போடலாமா?"

ஸ்பீடு கூடக்கூட செயின் ஒல்லியாகும். 6, 7, 8 ஸ்பீடு செயினின் உள் அகலம் 2.38 மில்லிமீட்டர். 9 முதல் மேலே 2.18. வித்தியாசம் தாள் கனம்தான், ஆனால் பல்லுக்கு அது போதும். 7 ஸ்பீடுக்குச் செய்த தடித்த பல்லை 11 ஸ்பீடு செயினில் போட்டால் இறுகிப் பிடிக்கும், சுற்றும்போது சத்தம் வரும். திருப்பிப் போட்டால், அதாவது 11 ஸ்பீடு சக்கரத்தை 7 ஸ்பீடு வண்டியில் போட்டால், பல் கொஞ்சம் லூஸாக உட்காரும், ஓடிவிடும். பொட்டலத்தில் '9, 10, 11' என்று சேர்த்துப் போட்டிருந்தால் அதை நம்பி வாங்கலாம். '7 முதல் 11 வரை' என்று போட்டிருந்தால் பல்லின் தடிமனை உங்கள் செயினில் நுழைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

"புஷ் வெச்சது நல்லதா, பேரிங் வெச்சது நல்லதா?"

புஷ் என்பது சக்கரத்தின் நடுவே இருக்கும் ஒரு சின்ன உலோகக் குழாய். சக்கரம் அதன்மேல் வழுக்கிச் சுற்றும். விலை குறைவு, பிரித்துத் துடைத்து கிரீஸ் வைத்தால் திரும்பவும் புதுசு மாதிரி ஆகிவிடும். பேரிங் வைத்தது லேசாகச் சுற்றும், நன்றாக மூடியிருந்தால் நாள்பட உழைக்கும். மூடியது உப்பைத் தாங்காவிட்டால் உள்ளே துருப்பிடித்துப் போய்விடும், அதைச் சுத்தம் செய்வது எல்லோராலும் முடிகிற வேலை இல்லை.

இங்கேதான் இரண்டாவது பதில் திரும்ப வருகிறது. மலிவான பேரிங் சக்கரங்களில் பலவற்றில் மேல் சக்கரத்துக்கு இருக்க வேண்டிய பக்கவாட்டு நகர்வே இருக்காது. மேல், கீழ் இரண்டு சக்கரங்களையும் ஒரே மாதிரியாகச் செய்து ஜோடி போட்டிருப்பார்கள். உங்கள் பழைய மேல் சக்கரம் நகர்ந்ததென்றால், புதுசும் நகர வேண்டும். நகராவிட்டால் கேபிளை எத்தனை முறை திருகினாலும் ஏதாவது ஒரு கியர் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். கடையிலேயே புஷ்ஷை விரலால் பிடித்துச் சக்கரத்தை இடம் வலம் தள்ளிப் பாருங்கள்.

"சிவப்பு, நீலம்னு அலுமினியத்துல வருதே மாமா, பிளாஸ்டிக்கைவிட அதுதானே கெட்டி?"

பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதிகம் கேட்பது இது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் இந்த இடத்துக்கு நல்ல நைலான் வகைப் பிளாஸ்டிக் குறைந்ததில்லை. சத்தம் குறைவு, துரு இல்லை. விலை உயர்ந்த டீரெய்லர்களிலும் பிளாஸ்டிக் பல்தான் போட்டு வருகிறது. காசு மிச்சம் பிடிக்க மட்டும் அப்படிச் செய்வதில்லை.

அலுமினியப் பல்லில் செயின் ஓடினால் உலோகத்தின்மேல் உலோகம், சத்தம் கூடும். மணல் சேர்ந்தால் அதுவும் தேய்ந்து கூராகும். நம் பக்கத்தில் இன்னொரு தொல்லை: அலுமினியமும் எஃகுப் பேரிங்கும் ஒன்றை ஒன்று தொட்டபடி உப்பு ஈரத்தில் இருந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரிக்கும். காசிமேட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு பையனின் வண்டியில் நீலச் சக்கரம் பேரிங்கோடு ஒட்டிக்கொண்டு கழற்றவே வரவில்லை.

"செராமிக் போட்டா வண்டி பறக்குமாமே?"

பறக்காது. செராமிக் பேரிங்கும், பெரிய கூண்டில் வரும் பெரிய ஜாக்கி வீலும் உராய்வைக் கொஞ்சம் குறைப்பது உண்மை. சக்கரம் பெரிதானால் செயின் குறைவாக மடங்கும், மடங்கும்போது இழக்கும் சக்தியும் குறையும். போட்டியில் நொடிக் கணக்கில் ஜெயிப்பவருக்கு அது வேண்டும். லாரிக்கு நடுவே ஆபீஸ் போகிற நமக்கு, டயரில் சரியான காற்றும் சுத்தமான செயினும் அதைவிட அதிகம் தரும்.

வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். 'ஹைப்ரிட்' வகையில் குண்டுகள் மட்டும்தான் செராமிக். அவை ஓடும் வளையம் எஃகு. குண்டு துருப்பிடிக்காது, வளையம் பிடிக்கும்.

"நாங்க கடலோரம் இருக்கோம். எல்லாமே துருப் பிடிக்குது. எங்களுக்கு எது சரி?"

இந்தக் கேள்வி ராயபுரம், காசிமேடு, எண்ணூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. எண்ணூர் விரைவுச்சாலையில் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கண்டெய்னர் லாரி. காற்றில் உப்பு, சாலையில் மணல். வடக்கே அனல்மின் நிலையங்களுக்குப் பக்கத்தில் சாம்பலும் சேரும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் மழையே இல்லாத மாதத்திலும் பேரிங் துருப்பிடிக்கும்.

நான் என் வண்டியில் போட்டிருப்பது நைலான் பல், உள்ளே சாதாரண புஷ். பேரிங்தான் வேண்டும் என்றால் துருப்பிடிக்காத எஃகில், இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதைக் கேளுங்கள். விலை கூடத்தான். மலிவான பேரிங் சக்கரத்தை மட்டும் இந்தக் காற்றுக்கு வாங்காதீர்கள். கடையில் கையால் சுற்றிக் காட்டும்போது அது நிற்காமல் சுற்றும். கிரீஸ் குறைவாக இருப்பதாலும் மூடி இறுக்கமில்லாததாலும் அப்படிச் சுற்றுகிறது. அந்த இடைவெளி வழியாகத்தான் உப்பு உள்ளே போகும்.

எதைப் போட்டாலும் கிரீஸ் முக்கியம். காசிமேட்டில் படகு எஞ்சின் சாமான் விற்பவர்களிடம் தண்ணீரில் கரையாத கிரீஸ் இருக்கும், ஒரு சின்ன டப்பா வருடக்கணக்கில் வரும். மாதம் ஒருமுறை பழைய பனியன் துணியால் பல்லைத் துடைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புஷ்ஷைப் பிரித்துக் கிரீஸ் மாற்றினால் போதும். பல் கூராகும் வரை சக்கரம் உழைக்கும்.

"மழையில தண்ணிக்குள்ள உருட்டிட்டு வந்தேன். ஜாக்கி வீல் போயிடுமா?"

வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்ற நாட்களில் முட்டளவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் கேட்டது இது. அன்றைக்கோ மறுநாளோ பார்த்தால் ஒன்றும் ஆகாது. ஒரு வாரம் விட்டால்தான் கெடும். நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸில் அழுத்தமாகப் பீய்ச்ச விடாதீர்கள், சேற்றை அது பேரிங்குக்குள் தள்ளும். புஷ் வகை என்றால் கழற்றி, மண்ணெண்ணெயில் அலசி, காயவைத்து, கிரீஸ் வைத்துப் போடுங்கள். பேரிங் வகையை மண்ணெண்ணெயில் ஊறப்போடக் கூடாது. ஊசி முனையால் ரப்பர் மூடியை விளிம்பில் நெம்பி எடுத்து, உள்ளே துடைத்து, புதுக் கிரீஸ் நிரப்பி மூட வேண்டும். மூடியை வளைத்துவிடாதீர்கள்.

"நானே மாத்தலாமா? செயினை உடைக்கணுமா?"

தாராளமாக மாற்றலாம், செயினைப் பிரிக்கவே வேண்டாம். பழைய டீரெய்லர்களில் 5 மில்லிமீட்டர் அலன் கீ, புதியவற்றில் 3 மில்லிமீட்டர், சிலவற்றில் நட்சத்திர வடிவச் சாவி. போல்ட்டின் தலையில் அழுக்கு இருந்தால் சாவி முழுசாக உள்ளே போகாமல் வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். முதலில் ஊசியால் குடைந்து எடுங்கள்.

தொடுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுங்கள். கூண்டுத் தகட்டில் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே சில மாடல்களில் ஒரு சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். செயின் அதன் எந்தப் பக்கமாகப் போகிறது என்பது படத்தில் தெரிய வேண்டும். மாற்றிக் கோத்தால் செயின் நாக்கின்மேல் ஏறி உரசும். "புது சக்கரம் போட்டதிலிருந்து புதுசா ஒரு சத்தம்" என்று வருபவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

முன்னும் பின்னும் சின்னப் பல்லுக்கு மாற்றிச் செயினைத் தொய்ய விடுங்கள். கீழே ஒரு செய்தித்தாள் விரித்து வையுங்கள், வாஷர் உருண்டால் கண்ணில் படும். கீழ் போல்ட்டை முழுதாகக் கழற்றிச் சக்கரத்தை எடுங்கள். மேல் போல்ட்டைத் தளர்த்தினால் உள் தகடு திரும்பி வழிவிடும். ஒன்றை மாற்றி முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

"சக்கரத்து மேல அம்புக்குறி போட்டிருக்கு. எந்தப் பக்கம் வைக்கிறது?"

அந்தச் சக்கரம் சுற்ற வேண்டிய திசை அது. செயின் பக்கம் நின்று பார்த்தால், முன்னால் பெடல் பண்ணும்போது கீழ் சக்கரம் கடிகார முள் போகும் திசையில் சுற்றும், மேல் சக்கரம் அதற்கு எதிராகச் சுற்றும். செயின் நெளிந்து போவதால் இப்படி. அம்பு வெளியே தெரியும்படி வைத்து, அந்தந்தத் திசைக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். அம்பு இல்லாவிட்டால் எப்படி வைத்தாலும் பரவாயில்லை.

"புதுசு போட்டேன். போல்ட்டை டைட் பண்ணினா சுத்தவே மாட்டேங்குது!"

புஷ் நீளம் பொருந்தாததுதான் காரணம், அல்லது மூடி ஒன்று கீழே விழுந்துவிட்டது. புஷ் குட்டையாக இருந்தால் கூண்டுத் தகடுகள் சக்கரத்தையே நெருக்கிப் பிடிக்கும். பழைய புஷ்ஷைப் புது புஷ்ஷின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், உயர வித்தியாசம் உடனே தெரியும். பழைய புஷ் தேயாமல் இருந்து, புதுச் சக்கரத்தில் ஆட்டமில்லாமல் நுழைந்தால் அதையே போடலாம். போல்ட்டைக் கொஞ்சம் லூஸாக விட்டால் சுற்றுகிறதே என்று அப்படியே ஓட்ட வேண்டாம். ஏன் என்பது அடுத்த பதிலில்.

"போல்ட் எவ்வளவு டைட் பண்ணணும்? சின்னதுதானே, கையால திருகினா போதாதா?"

போதாது. எண்ணூர் விரைவுச்சாலையில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முந்தின நாள் நானே மாற்றியது, கீழ் போல்ட்டைச் சரியாக முறுக்கவில்லை. ஓட ஓடக் கழன்று விழுந்தது. கூண்டு இரண்டாகப் பிரிந்து, செயின் இழுத்து, டீரெய்லர் பின் சக்கரக் கம்பிக்குள் போனது. நான்கு கம்பி உடைந்து, டீரெய்லரை வண்டியோடு சேர்த்துத் தாங்கும் ஹேங்கரும் வளைந்தது. பின்னால் டிரெய்லர் லாரி எதுவும் ஒட்டி வராததால்தான் இன்று இதை எழுதுகிறேன்.

ஷிமானோவின் பல மாடல்களுக்கு 2.5 முதல் 5 நியூட்டன் மீட்டர் வரை என்று கொடுத்திருக்கிறார்கள். அளக்கும் சாவி இல்லாதவர்கள் அலன் கீயின் குட்டைப் பக்கத்தைக் கையில் பிடித்து உறுதியாக இறுக்குங்கள். நீளப் பக்கத்தைப் பிடித்து முழு பலத்தைப் போட்டால் மரை போய்விடும். மரையில் நீல நிறத் திரெட் லாக்கர், அதாவது போல்ட் தானாகக் கழலாமல் பிடிக்கும் பசை, ஒரு சொட்டு விட்டுப் போடுங்கள். சிவப்பு நிறம் வேண்டாம், அடுத்த முறை கழற்ற வராது. 50 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஒருமுறை சாவி வைத்துப் பாருங்கள்.

"மேலதைக் கீழேயும் கீழதை மேலேயும் மாத்திப் போட்டா இன்னும் கொஞ்ச நாள் ஓடுமா?"

இரண்டும் ஒரே வகை, ஒரே பல் எண்ணிக்கை என்றால் கொஞ்ச நாள் ஓடும். மேல் சக்கரம் நகரும் வகை என்றால் கூடாது. நகராத கீழ் சக்கரம் மேலே போனால் கியர் தயங்கும், நகரும் சக்கரம் கீழே போனால் செயின் அலையும். இரண்டும் 11 பல் உள்ள வண்டிகளில் தெரியாமலே இப்படி மாறிப் போவதுண்டு. பழைய சக்கரத்தில் எழுதி ஒட்டச் சொன்னது அதனால்தான்.

"ஒரு பல்லு தடியா, ஒரு பல்லு ஒல்லியா ஒரு சக்கரம் பார்த்தேன். அதை 11 பல்லுல வாங்க முடியுமா?"

முடியாது. செயினில் ஒரு கண்ணி அகலம், ஒரு கண்ணி குறுகல் என்று மாறி மாறி வரும். தடித்த பல் அகலக் கண்ணியில் உட்கார வேண்டும். சக்கரத்தைச் சுற்றி தடி, ஒல்லி, தடி, ஒல்லி என்று முறை தவறாமல் வரப் பல் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தே ஆக வேண்டும். ஸ்ராம் நிறுவனத்தின் ஈகிள் வகையில் மேலே 12, கீழே 14. செயினைக் கோக்கும்போது தடித்த பல் அகலக் கண்ணியில்தான் விழுகிறதா என்று பார்த்துக் கோக்க வேண்டும். 11 பல் டீரெய்லர் வைத்திருப்பவர் இதைத் தேடி அலைய வேண்டாம்.

"எல்லாம் சரியாப் போட்டேன். இன்னும் கியர் தாவுது அண்ணா."

பெடலை அழுத்தும்போது தாவினால் தேய்ந்த செயின் அல்லது தேய்ந்த பின் பல். சத்தம் பற்றிய பதிலில் சொன்ன அளவைப் பாருங்கள். கியர் மாற்றும்போது தாவினால் வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பாருங்கள். மேல் சக்கரமும் கீழ் சக்கரமும் ஒரே நேர்கோட்டில், பின் பல்சக்கரத்துக்கு நேராகத் தொங்க வேண்டும். கீழ் சக்கரம் சக்கரக் கம்பி பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கிறது. ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் வண்டியை வலது பக்கமாகச் சாய்த்தாலே போதும், அது வளையும். அதை நிமிர்த்தத் தனிக் கருவி உண்டு, கடையில் கொடுத்து நிமிர்த்துங்கள்.

"இவ்ளோ பாக்குறதுக்குப் புது டீரெய்லரே வாங்கிடலாமே?"

சில வண்டிகளுக்கு அதுதான் சரி. ஷிமானோவின் டூர்னி மாதிரி ஆரம்ப நிலை டீரெய்லர் என்றால் முதலில் இரண்டின் விலையையும் கேளுங்கள். நல்ல ஜாக்கி வீல் ஜோடியின் விலையும் முழு டீரெய்லரின் விலையும் பக்கத்தில் வந்துவிட்டால் முழுசாக மாற்றிவிடலாம். அதேபோல் டீரெய்லரின் மூட்டுகளைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கூண்டைப் பிடித்து இடம் வலம் அசைக்கும்போது மூட்டே கடகடவென்று ஆடினால் சக்கரம் மாற்றிப் பயனில்லை. மூட்டு இறுக்கமாக, ஸ்பிரிங் உயிரோடு இருந்தால் ஜாக்கி வீலை மட்டும் மாற்றுங்கள். என் வண்டியில் இருப்பது அதே பழைய 9 ஸ்பீடு டீரெய்லர், இப்போது ஓடுவது மூன்றாவது ஜோடி.